இருபத்திரண்டு டெசிபெல்

மூன்றாவது ஹார்ட் டிஸ்க்கும் சத்தம் போட்டது.

போடாமல் என்ன செய்யும்? நிமிடத்துக்கு ஏழாயிரத்து இருநூறு முறை சுற்றும் தகட்டை வயிற்றில் வைத்திருக்கும் எந்தப் பெட்டிதான் வாயை மூடிக்கொண்டிருக்கும்? ஆனால் "சத்தமே வராது" என்று அட்டையில் கொட்டை எழுத்தில் அச்சடித்தவனுக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. சங்கவி அந்த எழுத்தைப் பார்க்கவில்லை. பிறவியிலிருந்தே அவளுக்குப் பார்வை இல்லை. கணவன் தீரன் வாசித்துக் காட்டியதை நம்பி மூன்றாவது முறையாக ஏமாந்திருந்தாள்.

"கழட்டுங்க மாமா."

"மாட்டிப் பத்து நிமிசங்கூட ஆகல புள்ள. ஓடஓடப் படிஞ்சிரும்."

"படியறதுக்கு இதென்ன தலைமுடியா? பேரிங் ஒரு பக்கமா உரசுது. ரெண்டு மாசத்துல வீல்னு கத்தும். கழட்டுங்கன்னா கழட்டுங்க."

தீரன் கழற்றினான். அவன் லிஃப்ட் மெக்கானிக்தான், ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவன்தான். ஆனாலும் பேரிங் விஷயத்தில் அவளோடு வாதாட கோயமுத்தூரில் ஆள் கிடையாது. கணபதியில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் அவளுக்கு வேலையே அதுதான். ஓடும் மோட்டார்மேல் ஸ்க்ரூடிரைவர் முனையை ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பாள். நல்லதா, கெட்டதா, எத்தனை நாள் தாங்கும் என்று அரை நிமிடத்தில் தீர்ப்பு வந்துவிடும். அப்பீல் போனவர் யாரும் இதுவரை ஜெயித்ததில்லை.

இந்த வம்புக்கெல்லாம் மூலம் பதினோரு வருடத்துக்கு முன்னால் அடித்த சூரியப்புயல். அதற்கு முன்பு எஸ்.எஸ்.டி. என்று ஒன்று இருந்தது. வெறும் சில்லு. சுற்றாது, அசையாது, மூச்சுக்கூட விடாது. புயல் மூன்று நாள் அடித்தது. ஒரு மரம் சாயவில்லை, ஒரு ஓடு பறக்கவில்லை. சில்லுகள் மட்டும் தங்களுக்குத் தெரிந்த அத்தனையையும் மறந்துவிட்டன. மார்க் ஷீட் போனது, பட்டா போனது, ஊரில் பாதிப் பேருக்குக் கல்யாணம் நடந்ததற்கே சாட்சி இல்லாமல் போனது. பழைய காலத்துச் சுற்றும் தகடு மட்டும் தாக்குப்பிடித்தது. அன்று சூடுபட்ட உலகம் இன்னும் சில்லைத் தொடுவதில்லை. வீட்டுக்கு வீடு டிஸ்க் சுற்றுகிறது, மாவாட்டும் நேரம் போல எந்நேரமும் ஒரு இரைச்சல்.

சங்கவிக்கு அதில் புகார் ஏதும் இருந்ததில்லை. புகார் ரித்விக்கிடமிருந்து வந்தது.

ரித்விக், 'எட்டு வாசல்' விளையாட்டில் அவளுடைய சிறுவாணி அணியின் கேப்டன். எட்டு வாசல் என்பது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஒரு கோட்டை. நான்கு பேர் உள்ளே நுழைந்து வாசல் வாசலாக முன்னேற வேண்டும், எதிரணி நான்கு பேர் மறைந்திருந்து தாக்குவார்கள். மற்றவர்கள் திரையைப் பார்த்து ஆடுவார்கள். சங்கவி ஹெட்போனை மாட்டிக்கொண்டு காதால் ஆடுவாள். எந்தச் சுவரில் தண்ணீர் சொட்டுகிறது, எந்தத் தாழ்வாரத்தில் செருப்பு உரசுகிறது என்று கேட்டுக் கேட்டே கோட்டை முழுவதும் அவளுக்கு அத்துப்படி. அதைவிட ஒரு விசேஷம் உண்டு. எதிரி கதவைத் தொடும் முன்பே அவள் அந்தப் பக்கம் திரும்பியிருப்பாள். "சங்கவியக்காவுக்கு முதுகுலயும் காது" என்று மாவட்டம் முழுக்கப் பேச்சு.

கம்பெனியில் அவள் ஒரு கருவி. பஸ்ஸில் அவள் ஒரு பாவம். எட்டு வாசலில் மட்டும்தான் நாலு பேர் அவளுக்குப் பயந்தார்கள். அதை விட்டுக்கொடுக்க அவள் தயாராக இல்லை.

திங்கட்கிழமை ரித்விக் அழைத்தான்.

"அக்கா, ஞாயித்துக்கெழம மாநில அணிக்கு செலக்சன் ஆட்டம். சம்மேளனத்துல புது ரூல் போட்டிருக்காங்க. ஆடறவங்க மெசின் சத்தம் இருபத்திரண்டு டெசிபெல்லுக்கு மேல போகக்கூடாதாம். உங்க டிஸ்க்கு கறக்கு கறக்குன்னு மைக் வழியா எங்க காதுல வந்து விழுகுது. எங்க மூணு பேரு மெசினும் சத்தமில்லாமதான் ஓடுது. சனிக்கெழமைக்குள்ள மாத்திருங்க. இல்லீன்னா உங்களுக்குப் பதிலா வேற ஆளத்தான் போடோணும். கோவிச்சுக்காதீங்க."

கோவிச்சுக்காதீங்க என்று சொல்லிவிட்டால் கோபம் வராது என்று இந்தப் பசங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை முதல் டிஸ்க். மெதுவாகச் சுற்றுவது, அதனால் சத்தம் குறைவு என்றார்கள். குறைவுதான், ஆனால் ரேழியில் யாரோ முனகுவது போல விடாத ஒரு முனகல். புதன்கிழமை காலை இரண்டாவது. அதற்கு ரப்பர் வாஷர் வைத்தார்கள், அடியில் ஸ்பாஞ்ச் வைத்தார்கள், கடைசியில் தீரன் பாவாடை நாடாவில் டிஸ்க்கைத் தொட்டில் கட்டித் தொங்கவிட்டான். இருபத்தாறு டெசிபெல்லுக்குக் கீழே இறங்கவில்லை. புதன் மாலை மூன்றாவது. அதன் கதையைத்தான் பார்த்தோமே.

வியாழக்கிழமை வேலை முடிந்ததும் மூன்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, தீரன் கையைப் பிடித்தபடி காந்திபுரத்தில் அவற்றை விற்ற அமானுல்லாவின் கடைக்குப் போய் இறங்கினாள் சங்கவி.

"வாங்க அம்மிணி. டிஸ்க்கு எப்படி ஓடுது?"

"ஓடல பாய், அழுவுது. ஒண்ணு முனகுது, ஒண்ணு இருமுது, ஒண்ணு பல்லைக் கடிக்குது. உங்க கடைல ஆஸ்பத்திரி வார்டு எதாச்சும் தெறந்திருக்கீங்களா?"

அமானுல்லா சிரித்தார். சங்கவி சிரிக்கவில்லை. கைப்பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள்.

"இருக்கறத எல்லாம் ஓட விடுங்க. நானே கேட்டு எடுத்துக்கறேன்."

மேஜை நீளத்துக்குப் பதினான்கு டிஸ்க்குகளுக்குக் கரன்ட் கொடுத்தார். ஒவ்வொன்றின் மேலும் ஸ்க்ரூடிரைவரை ஊன்றிக் கேட்டுக்கொண்டே போனாள். கடைக்கு வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர் தீரனிடம், "இவங்க எந்தக் கம்பெனி டாக்டருங்க?" என்று விசாரித்தார். பதினோராவது டிஸ்க்கில் சங்கவி நின்றாள். ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

"பாய், இதுக்கு கரன்ட் வருதா?"

"வருது அம்மிணி. உள்ள காத்துக்குப் பதிலா ஹீலியம் அடைச்சது. தகட்டப் படிக்கற முள்ளும் மெத்து மெத்துன்னு நகரும். பதினெட்டு டெசிபெல்தான். அதவிடச் சத்தமில்லாதது வேணும்னா கல்லத்தான் வாங்கோணும்."

"இத மொதல் நாளே குடுக்கறதுக்கென்ன?"

"நீங்க கேக்கலியே" என்றார் அமானுல்லா. கடைக்காரர்களின் அந்தப் பதிலுக்கு மட்டும் எந்தப் புயலும் வந்து சேர மாட்டேன் என்கிறது. பிறகு சமாதானமாக, "புதுக் கம்ப்யூட்டர் பெட்டியும் ஒண்ணு பாக்கறீங்களா? இப்ப எட்டு வாசல் ஆடறவங்க அத்தன பேரும் முன்னால லைட்டு வெச்ச பெட்டிதான் கேக்கறாங்க. மேஜ மேலயே வெச்சுக்கறாங்க. என்ன பேசனோ" என்றார்.

"லைட்டா? இருக்கற லைட்டுக்கே நான் டேப்பு ஒட்டி வெச்சிருக்கேன் பாய்" என்றான் தீரன். "மினுக்கு மினுக்குன்னு கட்டில்ல படுத்தா கண்ண உறுத்துது. இவளுக்கு அது இருந்தென்ன, இல்லாட்டி என்ன."

வெள்ளிக்கிழமை சங்கவி லீவு போட்டாள். காலையில் புது டிஸ்க்கை மாட்டினார்கள். அறைக்குள் வந்த அமைதியில் பக்கத்து வீட்டில் யாரோ கொத்தமல்லி ஆய்வது கூடக் கேட்டது. தீரன் சத்தம் அளக்கும் மீட்டரை வைத்துப் பார்த்து, "பதினெட்டு" என்றான். சங்கவிக்கு நாலு நாளில் முதல்முறையாகப் பெருமூச்சு வந்தது. ஹெட்போனை மாட்டி, கோட்டைக்குள் நுழைந்து, கம்ப்யூட்டரே ஓட்டும் காவலாட்களுக்கு எதிராக ஆடத் தொடங்கினாள்.

முதல் வாசலிலேயே செத்தாள்.

சரி, கை இன்னும் சூடேறவில்லை. மறுபடி நுழைந்தாள். இரண்டாம் வாசலில் முதுகில் குத்து விழுந்தது. மறுபடி. முதல் வாசல். மறுபடி. தாழ்வாரத்திலேயே. பதினேழு ஆட்டம், பதினேழு சாவு. எட்டு வயதுக் குழந்தைகூட மூன்றாம் வாசலைத் தாண்டிவிடும். நேற்றுவரை கதவு திறக்கும் முன்பே திரும்பியவள், இன்று குத்து விழுந்த பிறகு திரும்பிக்கொண்டிருந்தாள்.

ஹெட்போனைக் கழற்றிக் கட்டில்மேல் எறிந்தாள்.

"கருமம் புடிச்ச டிஸ்க்கு! லேட்டா எடுக்குது மாமா. சத்தம் கேக்கறதுக்குள்ள அவன் வந்தர்றான்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சொல்லத் தீரனுக்கு நாக்கு துடித்தது. மூன்று வருடக் குடும்ப அனுபவம் அதைத் தடுத்தது. வேகத்தை அளந்து பார்த்தான். பழசைவிடப் புதுசு இரண்டு மடங்கு வேகம்.

"அப்போ என்ற காதுதான் போயிருச்சுங்கறீங்களா?" அவள் குரல் உடைந்தது. "நேத்து வரைக்கும் மோட்டார் கேட்டனே, பதினோரு டிஸ்க்கு கேட்டனே, ஒரே ராத்திரில காது அவிஞ்சு போயிருமா? பழச மாட்டுங்க."

பழைய டிஸ்க்கை மாட்டினான். கறக்கு கறக்கு என்று அது தன் பாட்டைத் தொடங்கியது. சங்கவி ஆடினாள். ஐந்தாம் வாசல், ஆறாம் வாசல், எட்டாம் வாசல். ஒரு கீறல்கூட இல்லை. தீரன் டீ டம்ளரோடு பின்னால் உட்கார்ந்து அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். டீ ஆறிவிட்டது.

"புள்ள, ஒண்ணு சொன்னா அடிக்க மாட்டியே?"

"சொல்லுங்க."

"டிஸ்க்கு கறக்குங்குது. நீ திரும்பற. அப்பறந்தான் அவன் வாறான். ஒவ்வொரு தடவையும்."

சங்கவியின் கை விசைப்பலகைமேல் அப்படியே நின்றது. ஹெட்போனின் ஒரு பக்கத்தை விலக்கிக்கொண்டு மறுபடி ஆடினாள். கறக். வலப்பக்கம் செருப்புச் சத்தம். கறகறக். எதிரே இரண்டு பேர். தன் கை எதற்காக நகர்கிறது என்று முதன்முதலாகத் தானே கவனித்தாள். அமானுல்லாவுக்குப் போன் போட்டாள்.

"பாய், வெளையாட்டு ஓடறப்ப டிஸ்க்கு எதுக்குக் கறக்குங்கோணும்?"

"அந்தக் கோட்ட பெருசல்ல அம்மிணி, மொத்தத்தையும் ஒட்டுக்கா எடுத்து வெச்சுக்க முடியாது. எதிரி பக்கத்து அறைக்கு வந்தாத்தான் மெசின் அவன டிஸ்க்குல தேடி எடுக்கும். அவன் மூஞ்சி, கத்தி, காலடிச் சத்தம் அத்தனையும். அப்ப முள்ளு தவ்வித் தவ்விப் போவும். அதான் கறகற. ஒரு அர செகண்டு, முக்கா செகண்டு முன்னாலயே."

போனை வைத்தாள்.

முதுகில் காது இல்லை. ஒரு மண்ணும் இல்லை. ஆறு வருடமாக ஒரு பழைய டிஸ்க் காட்டிக்கொடுத்திருக்கிறது, அவள் தன் திறமை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்திருக்கிறாள். கோள் சொல்லியை வைத்துக்கொண்டு சண்டை போடுகிறவளுக்கு என்ன பெயர்? பரீட்சையில் பக்கத்துப் பேப்பரைப் பார்த்து எழுதுகிறவனுக்கு என்ன பெயரோ அதுதான். அவளுக்கு அவமானமாக இருந்தது. அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகமாக வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

"யாருக்கும் தெரியாதுல்ல. விட்டுத் தொலை" என்றான் தீரன்.

"எனக்குத் தெரியுமே."

மாலையில் ரித்விக்கை அழைத்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டு, தீரனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"தம்பி, ஒரு தப்பு நடந்துருக்கு. நான் தெரிஞ்சு பண்ணல. என்ற டிஸ்க்கு சத்தத்த வெச்சுத்தான் எதிரி வாறத நான் கண்டுபிடிச்சிருக்கேன். இத்தன வருசமும். புது டிஸ்க்குல ரெண்டாம் வாசல் தாண்ட முடியல. நியாயப்படி சம்மேளனத்துக்கு எழுதிரோணும். உங்களுக்குக் கெட்ட பேரு வர்றதுக்கு முன்னால நான் வெலகிக்கறேன்."

மறுமுனையில் ரித்விக் சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை, வெகுளியான சிரிப்பு.

"அய்ய, இதுக்குப் போயா அக்கா? அது எல்லாத்துக்கும் தெரிஞ்சதுதானுங்க. டிஸ்க்கு தேடறப்ப பெட்டி முன்னால ஒரு ஆரஞ்சு லைட்டு மினுக்குமில்ல, அதப் பாத்துத்தான் நாங்களும் திரும்பறோம். அதுக்குத்தான் பெட்டிய மேஜ மேல வெக்கறதே. எல்லா டீமும் அப்படித்தான். அதெப்படி தப்பாவும்?"

தீரன் மெல்ல எழுந்து பெட்டியருகே போனான். அவன் விரல் நகம் டேப்பின் ஓரத்தைச் சுரண்டுவது அவளுக்குக் கேட்டது.

"மாமா, அங்க லைட்டு இருக்குதா?"

"இருக்குது புள்ள." அவன் குரல் கம்மியிருந்தது. "உனக்கு எதுக்குன்னு நான்தான்... சொல்லோணும்னுகூடத் தோணல."

"அத ஒட்டியே விடுங்க." பிறகு போனைக் கையிலெடுத்தாள். அதுவரை யார்மேல் என்று தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்த ஆத்திரம் இப்போது வழி கண்டுபிடித்துவிட்டது. "ஏந்தம்பி, கண்ணால பாத்தா ஆட்டம், காதுல கேட்டா தொந்தரவா? என்ற கறகறப்புக்கு ரூல் போட்டாங்களே, உங்க லைட்டுக்கு எத்தன டெசிபெல்னு யாராச்சும் அளந்தாங்களா?"

"அக்கா, நாங்க அப்படி யோசிச்செல்லாம்..."

"யோசிக்கலேன்னு தெரியும். அதுதான் எனக்கு எரியுது. நாளைக்குக் காலைல பத்து மணிக்குப் பழகறோம். நான் சத்தமில்லாத டிஸ்க்குல ஆடறேன். நீங்க மூணு பேரும் லைட்டுமேல டேப்பு ஒட்டிட்டு ஆடுங்க. அப்பறமா யாரத் தூக்கறதுன்னு நீயே முடிவு பண்ணு."

"ஆனா நாளான்னிக்கு எதிர் டீமு லைட்டப் பாப்பாங்களே?"

"ஆட்டம் தொடங்கறதுக்கு முன்னால நடுவர்கிட்ட அதத்தான் கேக்கப் போறேன். ஒண்ணு, எல்லார் லைட்டையும் மூடச் சொல்லோணும். இல்லீன்னா என்ற பழைய டிஸ்க்க மாட்டிட்டு வந்து உக்காருவேன். தூக்கறதுன்னா அத்தன பேருக்கும் முன்னால காரணத்தச் சொல்லித் தூக்கட்டும்."

அன்று இரவு சாப்பாடு வரைக்கும் அவள் புது டிஸ்க்கில் ஆடிக்கொண்டே இருந்தாள். கறக் வராத இடத்தில் காதை வேறெங்கோ வைக்க வேண்டியிருந்தது. செருப்பு உரசும் முன் தண்ணீர் சொட்டும் தாளம் லேசாகத் தடுமாறுவதை நாற்பதாவது ஆட்டத்தில் பிடித்தாள். கதவுக்குப் பின்னால் ஆள் நின்றால் தாழ்வாரத்தில் எதிரொலி கொஞ்சம் மழுங்குகிறது. ஆறு வருடமாக அதெல்லாம் அங்கேயேதான் இருந்திருக்கிறது. டிஸ்க் வாயடித்துக்கொண்டிருந்ததால் கேட்கவில்லை. எண்பத்து மூன்றாவது ஆட்டத்தில் நான்காம் வாசல் வரை போனாள். வாய்விட்டுத் திட்டிக்கொண்டேதான் போனாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நான்கு பேரும் அவரவர் வீட்டிலிருந்து, காவலாட்களுக்கு எதிராகக் கோட்டைக்குள் இறங்கினார்கள். டேப் ஒட்டியாகிவிட்டது என்று மூன்று பேரும் சத்தியம் செய்தார்கள்.

முதல் வாசலில் ஒருவன் செத்தான். அதே வாசலில், அவன் எப்படிச் செத்தான் என்று பார்க்கப் போன இன்னொருத்தி செத்தாள். இரண்டாம் வாசலில் கேப்டன் ரித்விக் முதுகில் குத்து வாங்கினான். "ச்சே! எங்கிருந்து வந்தான்னே தெரியலியே! ஒண்ணுமே தெரியலியே!" என்று கத்தினான். நேற்றுக் காலை அவள் கத்திய அதே கத்தல். சங்கவிக்கு இரக்கம் வந்தது, கொஞ்சம் சந்தோஷமும் வந்தது. இல்லை என்று சொன்னால் பொய். ஐந்தாம் வாசல் வரை தனியாகப் போய்த்தான் அவள் விழுந்தாள்.

"நாளைக்கு நீங்கதான்க்கா முன்னால போகோணும்" என்றான் ரித்விக். குரலில் சுருதி இறங்கியிருந்தது. "நடுவர்கிட்ட நானும் உங்ககூட வந்து சொல்றேன்."

"சரி தம்பி. இன்னொரு ஆட்டம்?"

இரண்டாவது ஆட்டம் தொடங்கியது. சங்கவி முன்னால் நடந்தாள். அவள் டிஸ்க் மூச்சு விடவில்லை. மற்ற மூவரின் டிஸ்க்குகளும் மூச்சு விடவில்லை. சம்மேளனம் கேட்டதும் ரித்விக் கேட்டதும் இந்த அமைதியைத்தான். அந்த அமைதியில் கோட்டைச் சுவரின் ஈரம், தூரத்துத் தண்ணீர், மூன்று பேரின் மூச்சு எல்லாம் தனித்தனியாக அவள் காதில் விழுந்தன. இரண்டாம் வாசலை நெருங்கும்போது இன்னொன்றும் விழுந்தது. கோட்டைக்குள்ளிருந்து வந்த சத்தம் அல்ல. ரித்விக்கின் மைக்கிலிருந்து, மிக மெதுவாக, நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, பிளாஸ்டிக்கிலிருந்து பசை பிரிந்து வரும் சர்ரென்ற சத்தம். ஓர் அங்குலம் இருக்கும்.

சங்கவி நடையை நிறுத்தினாள்.

"ரித்விக்."

"என்னக்கா?"

"டேப்பத் திருப்பி ஒட்டு தம்பி."

மறுமுனையில் கட்டைவிரலால் அழுத்தித் தேய்க்கும் சத்தம் கேட்டது.